கை நனைத்த பிறகு

ஒரு சண்டையைத் தீர்க்கப் போகிறவன் முதலில் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. தப்பு செய்தவர் வீட்டுக்கு என்று நினைப்பீர்கள். நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் நான் போனது என்னவோ யார் இறங்கி வருவார்களோ அந்த வீட்டுக்குத்தான். இருபது வருஷமாக இதைக் கர்த்தருடைய ஊழியம் என்று நம்பிச் செய்திருக்கிறேன்.

என் பெயர் ஜெபசிங். சங்கரன்கோவிலில் வரலாறு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மனதில் பகையை வைத்துக்கொண்டு யாரும் அந்த அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கக்கூடாது என்பது முறை. அதனால் முதல் ஞாயிறு நெருங்கினால் எனக்கு நிற்க நேரமிருக்காது. அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், பாடகர் குழுவில் யார் முன்வரிசையில் நிற்பது என்று முறைத்துக்கொண்டு திரியும் இரண்டு பெண்கள், எல்லோர் வீட்டுக்கும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சமாதானக்கார சார் என்றே எனக்குப் பெயர். அதைக் கேட்கும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும், பொய் சொல்வானேன்.

என் முறையில் கடைசியாக ஒரு சடங்கு உண்டு. பேசி முடித்ததும் இரண்டு தரப்பும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். பகையான வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள் அல்லவா, அதைத் திருப்பிப்போட்டு நானே ஏற்படுத்திக்கொண்ட முத்திரை அது. கை நனைத்துவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு செத்தது. பிறகு அதை யார் வாயெடுத்துப் பேசினாலும் பேசினவர்தான் குற்றவாளி. சபையில் இது எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. புதிதாக வந்த போதகர்கூட என்னிடம் "கை நனைச்சாச்சா சார்?" என்று கேட்பார், வேறொன்றும் கேட்கமாட்டார்.

போன வருஷம் எங்கள் கோயிலைக் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு முதல் ஞாயிறு காலையில் திருவிருந்துப் பாத்திரத்தைக் காணவில்லை. வெள்ளிப் பாத்திரம், வெள்ளைக்காரர் காலத்தது. பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு மர அலமாரிக்குள் இருக்கும். அந்த அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று சபைச் செயலாளர் வெள்ளத்துரையிடம், இன்னொன்று கோயிலைக் கூட்டித் துடைக்கும் பொன்செல்வியிடம்.

வெள்ளத்துரைக்குத் திருவேங்கடம் சாலையில் ஹார்டுவேர் கடை. குரல் எடுத்தால் மைக் தேவையில்லை. பொன்செல்வியின் புருஷன் விசைத்தறியில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். மகள் விஜிதாவைக் கோயில் வேலை, நான்கு வீட்டு வேலை என்று செய்து நர்ஸ் படிப்பு படிக்கவைத்துவிட்டாள். அம்மாவும் மகளும் கடைசி வரிசையில் உட்காருவார்கள். அந்த இடத்தில் உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை, முன்னால் வரச்சொல்லியும் யாரும் சொன்னதில்லை.

அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் வெள்ளத்துரை முன்னால் வந்து நின்றார். பாத்திரம் காணாமல் போனதைச் சொன்னார். இரண்டு சாவி என்பதையும் சொன்னார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "பொன்செல்வி, எடுத்தத கொண்டாந்து வச்சிரு. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டோம்" என்றார். முன்னூறு தலை ஒரே நேரத்தில் திரும்பியது. ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து இரண்டு பெண்கள் அவளுடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு டிபன் பாக்ஸ், பாட்டுப் புத்தகம், நூறு கிராம் மல்லிப்பொடி. சாயங்காலம் வீட்டுக்கும் போய் அரிசிப் பானை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. அது சண்டை ஆகட்டும், பிறகு தீர்ப்போம் என்று இருந்தேன் போலிருக்கிறது.

ஒன்பதாம் நாள் வெள்ளத்துரை எனக்குப் போன் செய்து, கொஞ்சம் வீடு வரைக்கும் வரச்சொன்னார். போனால், சாப்பாட்டு மேஜையில் அந்தப் பாத்திரம் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி பிரேமலதா அழுதுகொண்டு நின்றார். பண்டிகை வருகிறதே, புளி போட்டுத் தேய்த்து வைப்போம் என்று அவர்தான் சனிக்கிழமை கணவரின் சாவியை எடுத்துப்போய்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறார். தேய்த்து, துண்டில் சுற்றி, பரணில் வைத்த கையோடு திருச்சியில் இருக்கும் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்து வண்டி ஏறிவிட்டார். இந்த மனுஷன் கோயில் விஷயங்களை மனைவியிடம் சொல்கிற வழக்கம் இல்லாதவர். ஒன்பது நாள் கழித்து வந்து பரணைப் பார்த்தபோதுதான் அந்த அம்மாளுக்கு உயிரே போயிருக்கிறது.

வெள்ளத்துரை தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே வெட்கப்பட்டார், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பண்டிகை முடிந்ததும் சபைத் தேர்தல். "சார், இத நீங்கதான் காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுத் தரணும்" என்றார். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நமக்கு வேலை வந்துவிட்டது என்ற சந்தோஷம்.

நேராகப் பொன்செல்வி வீட்டுக்குப் போனேன். பாத்திரம் எங்கே இருந்தது என்பதைச் சொன்னதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். தெருவில் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, வெள்ளத்துரை வந்து மன்னிப்புக் கேட்பார், வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார் என்றெல்லாம் நான் அடுக்கியபோது குறுக்கே கையைக் காட்டினாள்.

"எனக்கு மன்னிப்பு வேண்டாம் சார். எங்கன நின்னு சொன்னாவளோ அங்கனயே நின்னு, பாத்திரம் அவிய வீட்லதான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அது போதும்."

கேட்டது ஒரு வார்த்தை. நான் மூன்று தடவை போய் அந்த ஒரு வார்த்தையை அவளிடமிருந்து பிடுங்கினேன். முதல் தடவை சபையின் மானம் பற்றிப் பேசினேன். ஊரில் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்றேன். இரண்டாம் தடவை, அவர் பெரிய மனுஷன், எல்லோர் முன்னாலும் தலைகுனியவைத்து உனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்றேன். அவள் அசையவில்லை. மூன்றாம் தடவை, இப்படி மனதில் வைத்துக்கொண்டு இருந்தால் பண்டிகைத் திருவிருந்தில் நீ எப்படிக் கலந்துகொள்வாய் பொன்செல்வி, போதகர் கேட்டால் நான் என்ன சொல்லட்டும் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு கனிவாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. களவுப் பழி சுமந்தவளைப் போய், உன் மனசு சுத்தமா என்று கேட்டிருக்கிறேன்.

"சரி சார். நீங்க சொல்லுதீய" என்றாள்.

வெள்ளத்துரை வீட்டில் மட்டன் பிரியாணி. எங்கள் ஊரில் அதற்குக் குறை இருக்காது. பொன்செல்வி மூன்று வாய் சாப்பிட்டாள். பிரேமலதா ஒரு புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் நீளமாக ஜெபித்தேன். முடிந்ததும் ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்று எனக்குத்தான் தோன்றியது. பாத்திரத்தை மேஜை நடுவில் வைத்தேன். அந்தப் பக்கம் வெள்ளத்துரை, இந்தப் பக்கம் பொன்செல்வி. அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "பாத்திரத்தத் தொட்டுக்கிடு பொன்செல்வி" என்று சொன்னதும் நான்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் அதைத் தொட்டாள். வெள்ளத்துரை பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு கையை நீட்டியிருந்தார்.

சபை வாட்சப் குழுவில் அந்தப் போட்டோவைப் போட்டேன். கர்த்தருடைய கிருபையால் பாத்திரம் கிடைத்தது, மனத்தாங்கல் நீங்கி இருவரும் ஒப்புரவானார்கள் என்று எழுதினேன். எங்கே கிடைத்தது என்று எழுதவில்லை. அறுபத்துநான்கு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். போதகர் ஆமென் போட்டார். அடுத்த மாதத் தேர்தலில் வெள்ளத்துரை மறுபடியும் செயலாளரானார், எதிர்த்து நிற்க ஆளில்லை. பொன்செல்வி வழக்கம்போலக் கோயிலைக் கூட்டினாள். யாரும் அவளிடம் பாத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் இதைத்தான் சமாதானம் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் விஜிதாவுக்குச் சம்பந்தம் அமைந்தது. தென்காசியில் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே லேப் டெக்னீசியனாக இருக்கும் பையன். ஒருவரையொருவர் பிடித்துப்போய், வீட்டாரும் சம்மதித்து, எல்லாம் பேசியாகிவிட்டது. எங்களில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள், ஓலை வாசிப்பது என்போம். முதல் ஓலைக்கு நாளும் குறித்தாயிற்று. பொன்செல்வி அந்த வாரம் கோயில் ஜன்னல்களையெல்லாம் கழுவினாள், யாரும் சொல்லாமலே.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை பையனுடைய அப்பா தவசிமுத்து என் வீட்டுக்கு வந்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். தன்மையான மனுஷன். காபியைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நான் எடுத்த படம்தான். எத்தனை கை மாறிப் புளியங்குடி போய்ச் சேர்ந்ததோ.

"இந்தம்மா கோயில் பாத்திரத்த எடுத்துட்டாவ, நீங்கதான் பேசித் திருப்பிக் குடுக்க வச்சியன்னு சொல்லுதாவ. நான் நம்பல. ஒங்க வாயால கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன் சார்."

அவர் சொன்ன பிறகுதான் அந்தப் படத்தை நான் முதல்முறையாகப் பார்த்தேன். தலைகுனிந்து பாத்திரத்தை ஒப்படைக்கும் ஒரு திருடி, அவளை மன்னிக்கும் ஒரு பெரிய மனுஷன். எடுத்தவன் நான். அவளைத் தொடச் சொன்னவன் நான். ஒரு வருஷமாகச் சபையில் அத்தனை பேரும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவளிடம் வாய் திறக்காமல், என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லியிருக்கவேண்டும்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், பிறகு ஏன் சார் இப்படி ஒரு படம் எடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். நாக்கு அதற்குப் பயந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் தானாக வேறு வார்த்தை வந்தது.

"அது பேசி முடிச்ச விசயம் அண்ணாச்சி. கை நனைச்சாச்சு. இனிமே அதப் பத்திப் பேசப்படாது."

தவசிமுத்து என் முகத்தையே பார்த்தார். பிறகு போனைப் பைக்குள் வைத்தார். "சரி சார். நீங்க சொன்னதே போதும்" என்று எழுந்துகொண்டார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். கூப்பிட்டு நிறுத்த ஐந்து நிமிஷமாவது இருந்தது. நான் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பொன்செல்வி என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. பையன் வீட்டில் வேண்டாமென்று சொன்னதிலிருந்து விஜிதா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றும், அந்தப் பையன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இனி எந்த முகத்தோடு போவேன் என்று படுத்தே கிடக்கிறாள் என்றும் சொன்னாள். அழுதுவிட்டால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் அழவில்லை.

"அன்னைக்கு அவிய சொல்ல வேண்டிய வார்த்தைய, நீங்க வேண்டாம்னிய. இப்ப நீங்க சொல்லுங்க சார். எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. எம் பிள்ளைக்காவ கேக்கேன்."

முதலில் வெள்ளத்துரை கடைக்குத்தான் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, நீங்களே ஞாயிற்றுக்கிழமை எழுந்து சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாவம் அந்தப் பிள்ளை என்றார். கல்யாணத்துக்கு என்ன சாமான் வேண்டுமானாலும் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். சொல்லவேண்டியதை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். "கை நனைச்சாச்சுல்லா சார். நீங்க வச்ச சட்டம்தான?" என்று சிரித்தார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தவசிமுத்துவுக்குப் போன் செய்து, வருகிற ஞாயிறு எங்கள் கோயிலுக்கு அவசியம் வரவேண்டும், ஒரு உண்மையை உங்கள் காது கேட்க சொல்லப்போகிறேன் என்றேன். மரியாதைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். பொன்செல்வியிடமும் சொன்னேன். விஜிதாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனை. தவசிமுத்து ஆண்கள் பக்கம் நான்காவது வரிசையில் இருந்தார். அம்மாவும் மகளும் வழக்கமான இடத்தில். அறிவிப்பு நேரத்தில் நான் போதகரிடம் இரண்டு நிமிஷம் கேட்டு முன்னால் போய் நின்றேன். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. பாத்திரம் வெள்ளத்துரை வீட்டுப் பரணில் இருந்தது என்று சொன்னேன். பிரேமலதா தேய்க்க எடுத்துப்போனதைச் சொன்னேன். பொன்செல்வி எடுக்கவில்லை, எடுக்காத பெண்ணைத்தான் பையைக் கொட்டிச் சோதித்தோம், தேர்தலுக்காக அதை மறைத்தோம், அந்தப் படத்தை எடுத்து அவளைத் திருடியாக்கியது நான் என்று சொன்னேன். என் வாழ்நாளில் அதுபோல ஒரே மூச்சில் உண்மை பேசியதில்லை.

பிரேமலதாவைப் பார்த்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது வெள்ளத்துரை எழுந்தார். மெதுவாக நடந்துவந்து என் பக்கத்தில் நின்று, என் தோளில் கையைப் போட்டார். கண் கலங்கியிருந்தது.

"சார் சொல்லுதபடியே இருக்கட்டும்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரு ஏழப் பிள்ளையோட கல்யாணம் நடக்கணும்னா, அந்தப் பழி எம் மேல இருந்துட்டுப் போவுது. சமாதானத்துக்காவ நான் அத ஏத்துக்கிடுதேன்."

யாரோ ஆமென் என்றார்கள். பிறகு பல பேர் சொன்னார்கள். பெண்கள் பக்கம் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் உருகிப்போய் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார். வெள்ளத்துரை சொன்னது பொய்யில்லை, ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, ஆனாலும் நான் சொன்ன உண்மை முழுவதும் அந்த ஒரு பேச்சில் பொய்யாகிவிட்டது. அது அப்படியல்ல, அவர் நிஜமாகவே, என்று நான் ஆரம்பித்தேன். போதகர், போதும் சார், கர்த்தர் உங்கள் மனதை அறிவார் என்று என்னை அமர்த்தினார்.

வெள்ளத்துரை அத்தோடு விடவில்லை. நடுவழியாகக் கடைசி வரிசைக்கு நடந்துபோய்ப் பொன்செல்வியின் முன்னால் கையை நீட்டினார். முன்னூறு தலை மறுபடியும் திரும்பியது. அவள் எழுந்து நின்றாள்.

"பழிய ஏத்துக்கிட வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க வீட்லதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனம்மா" என்றார் அவர், நீட்டிய கையோடு.

அந்த நொடியில் எனக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையைக் கொடுத்துவிடேன் பொன்செல்வி, எல்லோரும் பார்க்கிறார்கள், கொடுத்துத் தொலைத்துவிடேன் என்றுதான் ஓடியது. இவ்வளவும் பேசிவிட்டு வந்து நின்ற பிறகும் என் மனது, யார் இறங்கி வருவார்களோ அந்த வீட்டுக்குத்தான் போனது. அவள் கொடுக்கவில்லை. விஜிதாவின் தோளைத் தொட்டு எழுப்பி, கூட்டிக்கொண்டு வெளியே போனாள். என்ன நெஞ்சழுத்தம் பார்த்தியா என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பாட்டு ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்து வாசலில் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தவசிமுத்துவைத் தேடிப் பிடித்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, சத்தியமாச் சொல்லுதேன், அந்தப் பொம்பள எடுக்கல" என்றேன்.

அவர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கி இதமாக அழுத்தினார்.

"நீங்க அப்படித்தான சொல்லுவிய சார்" என்றார்.